பதினோரு நாகமுத்துக்கள்

எழுதுவதற்கு வடக்குப் பார்த்த ஜன்னலோரமாக இடம் கொடுத்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. முதலில் அதற்கு நன்றி. நிறம் பார்த்துப் பிழைக்கிறவனுக்கு வடக்கு வெளிச்சம் கிடைத்துவிட்டால் வேறு வசதி எதுவும் தேவையில்லை. இந்த வெளிச்சத்தில் உங்கள் ஏட்டு சுப்பராயனைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது. முகம் ஒரு நிறம், தொப்பி மறைக்கிற நெற்றி ஒரு நிறம், வெற்றிலை போடுகிற உதடு மூன்றாவது நிறம். ஒரே ஆளில் மூன்று பேர் இருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே பேனாவுக்கு மை ஊற்றிக் கொடுத்தார்.

நடந்ததை முதலிலிருந்து எழுதச் சொன்னீர்கள். என் பெயர் ஸம்பத்குமார், வயது நாற்பத்தாறு. திருவள்ளூர் கோயில் குளத்துக்குப் பக்கத்தில் வீடு. அப்பாவும் அண்ணாவும் பெருமாள் கைங்கரியத்தில் இருந்தவர்கள். எனக்குப் பாசுரம் நாக்கில் நிற்கவில்லை, பிரஷ் கையில் நின்றது. காக்களூரில் கிருஷ்ணஸ்வாமி முதலாளியின் பொம்மை ஷெட்டில் பதினைந்து வருஷமாக வேலை. ஐந்தங்குல உயரத்தில் பிளாஸ்டர் பொம்மைகள் செய்கிறோம். தயிர்க்காரி, தபால்காரர், ஏர் ஓட்டுகிறவர், கல்யாண கோஷ்டி என்று செட்டுச் செட்டாக மெட்ராஸ் கடைகளுக்கும் கப்பலேறி வெளிநாட்டுக்கும் போகும்.

எங்கள் ஷெட்டில் வர்ணம் போடுகிறவர்கள் ஆறு பேர். ஐந்து பேர் புடவை, வேஷ்டி, குடம், கொலுசு பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் மேனி பூசுவார். முகம், கழுத்து, கை, கால், அவ்வளவுதான் அவர் வேலை. ஆனால் அவர் தொடுகிற வரைக்கும் பொம்மை வெறும் சுண்ணாம்புக் கட்டி. வடக்கு ஜன்னலுக்கு நேராக அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு, அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அந்த நாற்காலியில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். கல்யாணம் செய்துகொள்ளாதவனுக்கு அதுதான் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபத்து நாலாம் வருஷம் ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பொம்மைகள் அழகாக இருக்கின்றன, ஆனால் உங்கள் ஊரில் கடவுள் எல்லோருக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் தோல் பூசுகிறாரா என்று அந்த வியாபாரி கேட்டிருந்தார். முதலாளி அதைத் தமிழில் சொன்னதும் ஷெட்டே சிரித்தது. எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. என்னிடம் இருந்தது ஒரே டப்பா. ரோஜா, கொஞ்சம் மஞ்சள் காவி, நிறைய வெள்ளை. ஏர் ஓட்டுகிறவனுக்கும் அதுதான், கல்யாணப் பெண்ணுக்கும் அதுதான். பெண் என்றால் ரோஜாவை ஒரு சொட்டுக் கூட்டுவேன்.

அந்த வாரம்தான் நாகமுத்து தன் கையைக் காட்டினான். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரன், படகுகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தவன். முந்தின வருஷம் எங்கள் ஷெட்டில் புடவைக்குக் கரை போடச் சேர்ந்திருந்தான். சாப்பாட்டு நேரத்தில் ஒரு மீன்காரி பொம்மையை எடுத்துத் தானாக மேனி பூசி என் மேஜையில் கொண்டுவந்து வைத்தான். அடியில் மெல்லிசாகப் பச்சை கொடுத்து, அதன் மேல் காவியும், அம்பர் என்கிற மண்பழுப்பும் தேய்த்திருந்தான். உள்ளங்கை வெளிறியிருந்தது. முழங்கையில் கறுப்பு. கணுக்காலுக்கு மேலே மட்டும் சாம்பல் பூத்த மாதிரி ஏதோ ஒரு நிறம். அது என்ன என்று கேட்டேன்.

"உப்புத் தண்ணி பட்ட காலு சாமி. அது கறுப்பு கெடையாது. காஞ்சுச்சுன்னா சாம்பலா பூத்துக்கும். நம்ம ஊட்டுல வந்து பாருங்க, எல்லாருக்கும் அப்டித்தான் கீது" என்றான்.

முதலாளி அந்தப் பொம்மையை ஜன்னலோரம் எடுத்துப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திங்கட்கிழமை நாற்காலி கைமாறியது. "ஸம்பத், கண்ணுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடு நைனா. வேஷ்டி, அங்கவஸ்திரம் பாத்துக்கோ. கலர் அலமாரி சாவியும் நீயே வெச்சுக்கோ" என்று என் தோளில் கை போட்டுச் சொன்னார். நல்ல மனிதர். நாகமுத்து வர்ணம் குழைக்கக் கிண்ணம் வைத்துக்கொள்ள மாட்டான், ஏரிக்கரையிலிருந்து கொண்டுவந்த பெரிய கிளிஞ்சல்களில்தான் குழைப்பான். அந்தக் கிளிஞ்சல்களை நானே எடுத்துப் போய் ஜன்னல் மேஜையில் அடுக்கிக் கொடுத்தேன்.

அன்று மத்தியானம் தயிர்சாதத்தை அப்படியே காக்காய்க்கு வைத்துவிட்டேன். பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நாகமுத்துவை எனக்குப் பிடிக்காது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவனைப் பிடிக்காமல் இருப்பது யாராலும் ஆகாத காரியம். காலையில் ஷெட்டுக்குள் நுழையும்போதே பாட்டோடுதான் நுழைவான். ஒரு தடவை கல்யாண கோஷ்டியில் சமையல்காரர் பொம்மைக்கு என் முகத்தையும் என் தொப்பையையும் வைத்து, நெற்றியில் என்னுடைய திருமண்ணையும் இட்டுவிட்டான். யாரும் கவனிக்காமல் அது பெட்டியில் ஏறிவிட்டது. இப்போது ஜெர்மனியில் யாரோ வீட்டு அலமாரியில் நான் கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருக்கிறேன். இதை நினைத்தால் இங்கே லாக்கப்பில்கூட எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

இரண்டு வருஷம் அவன் பக்கத்து மேஜையில் வேஷ்டிக்குக் கரை போட்டுக்கொண்டே அவன் கையைப் பார்த்தேன். வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, எழுபத்தாறு நடுவில் என் கைக்கும் அது வந்துவிட்டது. அவன் செய்வதெல்லாம் எனக்கும் வந்தது, சிலது அவனைவிட நன்றாகவே வந்தது. நாற்காலி ஒன்றே ஒன்றுதான் என்பதில்தான் சிக்கல்.

இப்போது வெள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் இரண்டு வெள்ளை உண்டு. ஒன்று ஸின்க் வெள்ளை, மற்றது ஈய வெள்ளை. முன்பு தேசப்பன் என்று ஒருவர் எங்களோடு வேலை பார்த்தார். ஈய வெள்ளையில் வருஷக்கணக்காகப் புழங்கி, வயிற்று வலியில் சுருண்டு, கடைசியில் கை மடங்கி வேலையை விட்டுப் போனார். ஈயம் உள்ளே போனதுதான் காரணம் என்று டாக்டர் சொன்ன பிறகு முதலாளி அதை ஷெட்டிலேயே தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு டப்பா மட்டும் அலமாரி அடியில் தங்கிவிட்டது. தேசப்பன் கதை நாகமுத்து வருவதற்கு முந்தையது, அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

பிரஷ் முனையைக் கூராக்க நாங்கள் எல்லோரும் அதை உதட்டில் வைத்து ஒரு உருட்டு உருட்டுவோம். கடையில் வாங்குகிற பிரஷ் எதுவும் அப்படி உருட்டாமல் கண் இமைக்குள் போகாது. தேசப்பனுக்கு ஆனதைப் பார்த்த பிறகு நான் ஈரத்துணிக்கு மாறிக்கொண்டேன். நாகமுத்து ஒரு நாளைக்கு நூறு தடவை உதட்டுக்குக் கொண்டுபோவான்.

போன வருஷம் ஆவணி முதல் தேதி, அவன் கிளிஞ்சலில் அடி டப்பாவிலிருந்து வெள்ளை வைத்துக் கொடுத்தேன். ஒன்றைக் கவனியுங்கள் ஐயா, ஈய வெள்ளைதான் உசத்தி. ஸின்க் வெள்ளை தோலின் மேல் சுண்ணாம்பு அடித்த மாதிரி தனியாக நிற்கும், ஈய வெள்ளை தோலோடு தோலாகப் போய்விடும். நல்ல கைக்கு நல்ல சரக்குக் கொடுக்கிறோம் என்பதுதான் அன்று என் மனதில் இருந்தது. வேஷ்டிக்கு ஸின்க் போதும் என்பதால் எனக்கு அதையே வைத்துக்கொண்டேன். மத்தியானம் நாகமுத்து திரும்பிப் பார்த்து, "இன்னா சாமி, இந்த வெள்ளை லேசா இனிக்குது" என்றான். அது சீமைச் சரக்கு, போட்டுப் பார், நன்னா உட்காரும் என்று சொன்னேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது.

அதே நாள்தான் முதல் பொம்மையையும் செய்தேன். நாகமுத்து கையில் பிரஷோடு உட்கார்ந்து வாய் திறந்து சிரிக்கிற மாதிரி நானே அச்சு எடுத்தேன். சிரிக்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது நாகமுத்து ஆகாது. கிளிஞ்சலை அவன் கன்னத்துக்கு அருகில் பிடித்துப் பிடித்துப் பார்த்து நிறம் குழைத்தேன். என்னைத்தான் போடுறீங்களா சாமி என்று கேட்டு, போட்டோ ஸ்டூடியோவில் உட்காருகிற மாதிரி தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்தான். பச்சை அடி, காவி, அம்பர், காது மடலுக்கும் விரல் முட்டிகளுக்கும் தாராளமாகச் சிவப்பு. பீடத்துக்கு அடியில் ஆவணி ஒன்று என்று எழுதினேன். மாதம் ஒன்று செய்வதாக எண்ணம்.

புரட்டாசியில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஐப்பசியில் காது மடலில் சிவப்பு குறைந்தது. அவன் மனைவி சின்னப்பொண்ணுவுக்கே அது தெரிந்திருக்காது, மேனி பூசுகிறவன் கண்ணுக்குத்தான் தெரியும். கார்த்திகையில் கண்ணுக்குக் கீழே பச்சையைக் கூட்ட வேண்டிவந்தது, கன்னத்தில் காவியை முழுக்க எடுத்துவிட்டேன். வயிறு இழுத்துப் பிடிக்கிறது, பேஜாராக இருக்கிறது என்று அவன் சொல்ல ஆரம்பித்ததும் அப்போதுதான். மார்கழியில் அவன் ஏதோ வேடிக்கை சொல்லிச் சிரித்தபோது, பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் கருநீலமாக ஒரு கோடு ஓடுவதைப் பார்த்தேன். தேசப்பனுக்கும் அதே கோடு இருந்தது. ஐந்தங்குலப் பொம்மையில் ஈறு எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள். பிரஷில் ஒரே ஒரு மயிரை விட்டு மற்றதையெல்லாம் பிடுங்கிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்து அந்தக் கோட்டைப் போட்டேன். என் வாழ்க்கையில் அதுபோல ஒரு வேலை அதற்கு முன்னால் செய்ததில்லை. தலைகால் புரியாத சந்தோஷம். மறுநாள் கோயிலிலிருந்து பொங்கல் வாங்கிக்கொண்டு போய் ஷெட்டில் எல்லோருக்கும் கொடுத்தேன். நாகமுத்துவால் சாப்பிட முடியவில்லை, வீட்டுக்குக் கட்டிக் கொடுத்தேன்.

தை மாதம், பொங்கல் கழிந்து நாலாம் நாள், பிரஷை எடுத்தவன் கை மணிக்கட்டோடு தொங்கிவிட்டது. "கை தூங்கிப்போச்சு சாமி, தட்டி எழுப்புங்க" என்று அப்போதும் சிரித்தான். நான்தான் எண்ணெய் போட்டு நீவிவிட்டேன். கை எழுந்திருக்கவில்லை. முதலாளி கண் கலங்கிவிட்டார். அவனை அனுப்ப மனம் வராமல், பெட்டிகளில் வைக்கோல் திணிக்கிற வேலை கொடுத்தார். மாசி பிறந்தபோது வடக்கு ஜன்னல் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். நான் பூசிய முதல் செட்டைப் பார்த்துவிட்டு, நாகமுத்துதான் முதலில் கை தட்டினான். ஒரு கையால் தொடையில் தட்டினான் என்று சொல்ல வேண்டும்.

நாற்காலி கிடைத்துவிட்டதே, அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நிறுத்தத்தான் நினைத்தேன். கிளிஞ்சலில் ஸின்க் வெள்ளை வந்துவிட்டது, அடி டப்பாவைத் துணி சுற்றி மூடிவிட்டேன். ஆனால் மாசி முதல் வாரத்தில் நாகமுத்துவின் காதில் லேசாகச் சிவப்பு திரும்பிவிட்டது. பிரஷ் அவன் உதட்டுக்குப் போவதில்லை அல்லவா. ஆறு பொம்மைகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாக, ஒரு படி ஒரு படியாக இறங்கிக்கொண்டு வருகிற நிறம். ஏழாவது திடீரென்று நாலாவதின் நிறத்துக்கு ஏறிவிட்டால் வரிசை என்ன ஆகும். நீங்கள் இந்தத் தொழிலில் இல்லாததால் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று எழுத்தில் சொல்லி விளங்கவைக்க எனக்குத் தெரியவில்லை.

வீட்டிலிருந்து தினமும் ஒரு செம்பில் மோர் கொண்டுபோவேன், வயிற்றுக்கு நல்லது என்று நாகமுத்துவுக்கும் ஒரு தம்ளர் கொடுப்பது வழக்கம். மாசி இரண்டாம் வாரத்திலிருந்து அவன் தம்ளரைத் தனியாகக் கலந்தேன். பெருங்காயமும் கறிவேப்பிலையும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் வேறு எதுவும் தெரியாது. ஏழாவது பொம்மை ஆறாவதற்குப் பக்கத்தில் அழகாக உட்கார்ந்தது.

சித்திரையில் ஒரு நாள் சின்னப்பொண்ணு ஷெட்டு வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றாள். "இன்னா குட்த்தாலும் வாந்தி எடுத்துடறாரு சாமி. நீங்க குட்க்கிற மோரு ஒண்ணுதான் அவரு வவுத்துல நிக்குது. நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது, கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு டாக்டர்களிடம் அவனைக் கூட்டிப் போனதும் நான்தான். ஒருவர் குடல் புண் என்றார், இன்னொருவர் ரத்தச் சோகை என்றார். ஆனி மாதம், திருவள்ளூருக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் சாராள் அம்மாவிடம் போனோம். எப்போதிலிருந்து இப்படி வெளுத்திருக்கிறார் என்று அவர் கேட்டார். பொங்கலிலிருந்து என்றாள் சின்னப்பொண்ணு. அந்தத் தப்பை என்னால் தாங்க முடியவில்லை. இல்லை டாக்டரம்மா, ஐப்பசியிலேயே காது வெளுத்துவிட்டது, கார்த்திகையில் கன்னம், மார்கழியில் உதடு என்று சொன்னேன். உங்களுக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று கேட்டார். யாராவது கேட்க மாட்டார்களா என்று பதினோரு மாதமாகக் காத்திருந்தவன் நான். நாளைக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றேன்.

மறுநாள் காலையில் அட்டைப்பெட்டியைத் திறந்து பதினொன்றையும் அவர் மேஜையில் ஜன்னல் வெளிச்சம் படுகிற மாதிரி வரிசையாக வைத்தேன். நாகமுத்து அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "பாருங்கம்மா, ரேஷன் கடை வரிசை மாரி நம்மளே நின்னுகினு கீறோம்" என்றான். டாக்டரம்மா ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து முதல் பொம்மையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஐந்தாவதில் நின்றுவிட்டார். வாய்க்கு நேராகக் கண்ணாடியைப் பிடித்தார். பாராட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் எழுந்து போய் நாகமுத்துவின் மேலுதட்டை விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம், இந்தக் கோட்டை ஏன் போட்டீர்கள் என்று கேட்டார். இருந்தது அம்மா, இருந்ததைத்தான் போட்டேன் என்றேன். முதல் பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பி அடியில் எழுதியிருந்ததைப் படித்தார்.

"ஆவணி ஒண்ணாந்தேதி இவருக்கு எந்த நோயும் இல்லை. நல்லா இருக்கிற மனுஷனோட நிறத்தை மாசா மாசம் பதிஞ்சு வைக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?" என்றார்.

நாடி பிடித்துப் பார்க்கிறவர் கேட்கிற மாதிரி மெதுவாகத்தான் கேட்டார். முதல் பொம்மையை அவர் கையிலிருந்து வாங்கி மறுபடி வரிசையில் வைத்தேன். சின்னப்பொண்ணு என்னையும் பொம்மைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மோர் செம்பு வைத்திருந்த என் பையை அவள் தன் காலால் மெல்லத் தள்ளி வைத்தாள். அது எனக்கு வருத்தமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. டாக்டரம்மா ஆள் அனுப்பி, அரை மணியில் உங்கள் கான்ஸ்டபிள் வந்துவிட்டார். பொம்மைகள் உங்கள் பீரோவில் இருப்பதாகச் சொன்னார்கள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம், நிறம் உரசிவிடும்.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். ஆவணி முதல் தை வரை கிளிஞ்சலிலும், மாசி முதல் ஆனி வரை மோரிலும், அது இன்ன வேலை செய்யும் என்று தேசப்பனைக் கண்ணால் பார்த்துத் தெரிந்தவனாக, நான்தான் நாகமுத்துவுக்கு ஈய வெள்ளை கொடுத்தேன். முதலாளிக்கும் மற்றவர்களுக்கும் இதில் சம்பந்தமில்லை. நாகமுத்து மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டான், விரல்கள் அசைய ஆரம்பித்துவிட்டன என்று ஏட்டு சொன்னார். கேட்டு என் மனம் நிறைந்துவிட்டது. அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று என்னைப் போல நினைக்கிறவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

கடைசியாக இரண்டு கேள்வி பாக்கி வைத்திருந்தீர்கள். அவனைக் கொல்லும் எண்ணம் இருந்ததா என்பது ஒன்று. பெருமாள் சாட்சியாகச் சொல்கிறேன், அப்படி ஒரு நினைப்பு என் மனதில் ஒரு நாளும் வந்ததில்லை. இருப்பதைப் பார்த்துப் பூசுகிறவன் நான், வேறொன்றும் தெரியாது. என் மேஜை டிராயரில் எடுத்த சின்ன டப்பாவில், ஆடி என்று எழுதி மூடி வைத்திருக்கிற நிறம் என்ன என்பது இரண்டாவது. பன்னிரண்டாவது பொம்மைக்காக ஆனியிலேயே குழைத்து வைத்தது அது. எழுபத்தைந்தில் அப்பா காலமான அன்று காலையில், சடங்குக்கு வாத்தியார் வருவதற்கு முன்னால், அவர் கன்னத்துக்கு அருகில் கிளிஞ்சலைப் பிடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்ட கலவைதான், நாகமுத்து அப்பாவைவிடக் கொஞ்சம் கறுப்பு என்பதால் அம்பர் மட்டும் கூட்டியிருக்கிறேன்.